முதல் மணி, இரண்டாம் மணி

கிராமத்துத் தொடக்கப்பள்ளிகளில் மணி என்று சொல்லப்பட்டது பெரும்பாலும் முழங்கை நீளத் தண்டவாளத் துண்டுதான். ஒரு முனையில் துளை போட்டு, தடித்த கம்பியில் கோத்து, வேப்பமரக் கிளையிலோ தாழ்வாரத்து உத்தரத்திலோ தொங்கவிட்டிருப்பார்கள். அடிப்பதற்கு ஓர் இரும்புக் கம்பி. எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் ஊர் ஒன்றில் அப்படியொரு துண்டு இன்னும் கிடக்கிறது. மின்சார மணி வந்தபின் அதைக் கழற்றி, சத்துணவுக் கூடத்துக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்கள். பேரப்பிள்ளையை அழைத்துப் போக வருகிற யாராவது காலில் இடறிக் குனிந்து பார்த்து, "நம்ம மணியில்ல இது!" என்பார்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு சீக்கிரம் முடியாது.

ஒன்பது மணிக்கு முதல் மணி, ஒன்பதரைக்கு இரண்டாம் மணி. முதல் மணி நிதானமாக, இடைவெளி விட்டு விழும். இரண்டாவது கடகடவென்று ஒரே மூச்சில் அடித்து ஓயும். நடுவிலுள்ள அரை மணிக்குள் ஊரிலுள்ள அத்தனை வீடுகளும் பிள்ளைகளைக் கிளப்பிவிட வேண்டும். கம்மங்கஞ்சியைக் கரைத்து ஊற்றுவது, எண்ணெய் வழியத் தலை சீவிவிடுவது, முந்தின ராத்திரி எங்கேயோ போட்ட சிலேட்டுக் குச்சியைத் தேடுவது எல்லாம் அதற்குள் நடக்கும். சிலேட்டு வெளுத்துப்போயிருந்தால் கோவை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்துத் தேய்த்துக் காயவைக்க வேண்டும். இரண்டாம் மணி ஓய்ந்ததும் தமிழ்த்தாய் வாழ்த்து தொடங்கிவிடும். அப்போது தெருவில் ஓடிவந்துகொண்டிருப்பவன் பாட்டு முடியும்வரை நின்ற இடத்திலேயே அசையாமல் நிற்பான். அது யாரும் போட்ட சட்டமில்லை. பார்த்துப் பார்த்து வந்த பழக்கம்.

நேரத்துக்கு வரச் சொல்வதற்கு முன், நேரம் பார்க்க அந்த ஊரில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். சுவர்க் கடிகாரம் இருந்த வீடுகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம். ரேடியோ வைத்திருந்தவர்களுக்கு ஆகாசவாணியின் ஏழேகால் மணிச் செய்தி ஒரு கணக்கு. மேகாற்று அடிக்கிற மாதங்களில் கோவில்பட்டி ஆலைச் சங்கு மெலிதாகக் கேட்கும். டவுன் பஸ் வந்து திரும்புவது இன்னொரு கணக்கு, அது ஒழுங்காக வந்த நாளில். மற்றபடி கூரை நிழல் முற்றத்தில் எதுவரை வந்திருக்கிறது என்பதுதான். அப்படிப்பட்ட ஊரில் தண்டவாளத் துண்டு பள்ளிக்கு மட்டும் அடிக்கவில்லை, ஊருக்கே அடித்தது. களை வெட்டப் போனவர்கள் அதைக் கேட்டுத்தான் வெற்றிலைப் பையை அவிழ்த்தார்கள்.

1980களில் அந்தப் பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்தவர் முதலில் செய்த காரியம் இந்த மணியைப் பற்றியதுதான். ஈராசிரியர் பள்ளி. பிள்ளைகள் அவரைப் பெரிய சார் என்றும் மற்றவரைச் சின்ன சார் என்றும் சொன்னார்கள். பெரிய சார் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனை மணியடிக்க வைத்துவிட்டு ஊரைச் சுற்றி நடந்தார். மேலத்தெருவில் கணீரென்று கேட்டது. ஓடைக்கு அந்தப்பக்கம் காலனியில் கேட்கவே இல்லை. தண்டவாளம் பள்ளிக்கு மேற்கே தொங்கியது. கட்டடம் சத்தத்தை மறித்தது. காலனிப் பிள்ளைகள் எப்போதும் தாமதமாக வருகிறவர்கள் என்று பள்ளியில் ஒரு பேச்சு பல வருடங்களாக இருந்துவந்தது. அவர்களுக்கு மணி கேட்டதா என்று அதுவரை ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. மறுநாளே துண்டு கிழக்குப் பக்கத்து வேப்பமரத்துக்கு மாறியது. அதோடு அந்தப் பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

சீக்கிரம் வருகிறவனுக்கு மரியாதையும் பிந்தி வருகிறவனுக்கு அடியும் என்ற முறை மிகப் பழையது. பெல்லாரி கலெக்டராக இருந்த ஏ.டி. கேம்ப்பெல் 1823-இல் சென்னை அரசுக்கு எழுதிய அறிக்கையில் தம் மாவட்டத்துப் பள்ளிகளின் காலை நேரத்தை விவரித்திருக்கிறார். ஆறு மணிக்கெல்லாம் பள்ளி கூடிவிடும். முதலில் வந்த பையனின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவதாக வந்தவன் கையில் ஒரு சுழி. புகழும் இல்லை, பழியும் இல்லை என்று அதற்குப் பொருள். மூன்றாவது வந்தவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, பிறகு வருகிற ஒவ்வொருவனுக்கும் ஒன்று கூடுதல். இந்தக் கணக்கை நீட்டிப் பார்த்தால் மனம் பதறுகிறது. முப்பது பேர் படிக்கிற பள்ளியில் கடைசிப் பையனுக்கு இருபத்தெட்டு அடி. அவன் பிந்தி வந்தான் என்றுகூடச் சொல்ல முடியாது. மற்ற இருபத்தொன்பது பேரும் அவனுக்கு முன்னால் வந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளிலும் வந்த வரிசைக்கு மதிப்பு இருந்தது. முதலில் வருகிறவனுக்கு வேத்தான் என்று பெயர் இருந்ததை உ.வே. சாமிநாதையர் தம் 'என் சரித்திரம்' நூலில் சொல்கிறார். வராதவனை என்ன செய்தார்கள் என்பது கிழவர்களின் வாய்வழியே வந்தது. சட்டாம்பிள்ளை நாலு பெரிய பையன்களோடு கிளம்புவான். கைக்கு ஒருவன், காலுக்கு ஒருவன் என்று பிடித்து, குண்டுக்கட்டாகத் தூக்கிவந்து திண்ணையில் இறக்குவார்கள். வழியெல்லாம் அவன் போடுகிற சத்தம் தெருவுக்கே வேடிக்கை. அப்படித் தூக்கிவரப்பட்டவர்களில் எத்தனை பேர் பள்ளியை விரும்பியிருப்பார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனாலும் அந்த முறையில் ஒன்று உண்டு: பையன் வரவில்லை என்பது அன்று காலையிலேயே தெரிந்து, அவனைத் தேடி ஆள் போயிற்று. பின்னால் வந்த பள்ளிகளில் அடி மிஞ்சியது, தேடிப் போவது குறைந்துபோயிற்று.

தேடிப் போவதன் இடத்தை வருகைப் பதிவேடு பிடித்துக்கொண்டது. நீளமான கட்டம் போட்ட ஏடு. முதலில் ஆண்பிள்ளைகள் பெயர், பிறகு பெண்பிள்ளைகள். முற்பகலுக்கு ஒரு சாய்கோடு, பிற்பகலுக்கு அதை வெட்டி இன்னொன்று; இரண்டும் சேர்ந்தால் பெருக்கல் குறி. வராத வேளைக்கு ஆங்கில 'ஏ'. விடுமுறை நாளின் கட்டங்களில் சிவப்பு மையால் மேலிருந்து கீழாக 'விடுமுறை' என்ற எழுத்துகள் இறங்கிவரும். பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன் ஐயா' என்பது ஒரு தலைமுறை, 'ஆஜர் சார்' என்பது ஒரு தலைமுறை, 'பிரசண்ட் சார்' அதற்கும் பின்னால். கூப்பிட்டு முடிந்ததும் வாசலோரக் கரும்பலகையில் வகுப்பு வாரியாகப் பதிவு, வருகை என்று இரண்டு பத்திகளில் எண் ஏறும். மேலதிகாரி ஜீப்பை விட்டு இறங்கியதும் முதலில் பார்ப்பது அந்தப் பலகையைத்தான். அதற்காக எண்ணைக் கூட்டி எழுதுகிற பள்ளிகளும் இருந்தன. ஏட்டில் மட்டும் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் எத்தனையோ பேர்.

பெரிய சார் பதிவேட்டைப் படிப்பார். மாதக் கடைசியில் கூட்டல் போடுவதற்காக எல்லோரும் திறப்பார்கள். அவர் திங்கட்கிழமைதோறும் பழைய பக்கங்களைத் திருப்பி 'ஏ' எங்கெங்கே விழுந்திருக்கிறது என்று விரலை ஓட்டுவார். சிலருக்கு அங்கொன்றும் இங்கொன்றும். சிலருக்குச் சந்தை நாளில் மட்டும். சிலருக்குக் கார்த்திகையில் களையெடுப்பு, மாசி பங்குனியில் மிளகாய்ப் பழமும் பருத்தியும் என்று மானாவாரி வெள்ளாமையின் கணக்கு அப்படியே ஏட்டில் இறங்கியிருக்கும். ஒரு பிள்ளைக்கு வரிசையாக 'ஏ' விழ ஆரம்பித்தால் அது வேறு. அதற்கு இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரே காரணம்: தீப்பெட்டி ஆபீஸ்.

தொழிற்சாலையை அங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்துக் கிராமங்களுக்கு விடியுமுன் ஆபீஸ் பஸ் வந்துவிடும். தூக்கம் கலையாத பிள்ளைகளைத் தூக்குவாளியோடு ஏற்றிவிடுவார்கள். சட்டங்களில் குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது என்று சின்ன விரல்களுக்குத் தோதான வேலைகள். எண்ணிக்கைக்குக் கூலி. மழை பொய்த்த வருடம் வீட்டுக்காரர் முன்பணம் வாங்கியிருந்தால், அது கழியும்வரை பிள்ளை போயாக வேண்டும். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-இல் வந்தது. ஊருக்குள் வந்து சேர அதற்கு இன்னும் பல வருடம் பிடித்தது.

நாலாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு ஒரு மாதம் முழுக்க 'ஏ' விழுந்தபோது பெரிய சார் அவள் வீட்டுக்குப் போனார். பகலில் போனால் ஆள் இருக்காது என்று விளக்கு வைத்த பிறகு போனார். தாய் திண்ணையைத் துடைத்து உட்காரச் சொன்னாள். அவர் கேட்பதற்கு முன் அவளே ஆரம்பித்தாள்.

"முன்பணம் வாங்கிட்டோம் சார். தை வரைக்கும் கழிக்கணும். அதுக்குப் பெறகு நானே கொண்டாந்து விடுதேன்."

"சரிம்மா. அவ பேரை எடுத்துராதீங்கன்னு சின்ன சார்ட்டயும் சொல்லிட்டேன். ஏட்டுல அப்படியே இருக்கும். பிள்ளை எங்க?"

பிள்ளை உள்ளே சுவரோரம் தூங்கிப்போயிருந்தது. தாய் தட்டி எழுப்பி வெளியே கூட்டிவந்தாள். நகக் கண்ணிலும் விரலிடுக்கிலும் மைதாப் பசை காய்ந்து வெள்ளையாக உரிந்துகொண்டிருந்தது. சார் பையிலிருந்து புதுச் சிலேட்டுக் குச்சி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவள் அதை வாங்கி, பசை ஒட்டாமல் பாவாடையில் ஒருமுறை துடைத்துவிட்டு, மூன்று விரலால் பிடித்துப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆபீஸ் இல்லை. சிலேட்டோடு பள்ளிக்கூடத் தாழ்வாரத்துக்கு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டு அவர் எழுந்தார். வேறு ஒன்றும் பேசவில்லை. தை பிறந்து பொங்கல் லீவு முடிந்த மறுநாள் அந்தத் தாய் மகளைக் கொண்டுவந்து விட்டாள். பதிவேட்டில் மாதக்கணக்கில் 'ஏ' நிறைந்த வரிசையின் முனையில் அவள் பெயர் அடிபடாமல் இருந்தது. நீண்ட நாள் வராத பிள்ளையின் பெயரை நீக்கிவிட வழியிருந்த காலம் அது. அடித்திருந்தால் திரும்பச் சேர்க்க ஒரு மனு, ஒரு கையெழுத்து, அலைச்சல். கூலிக்குப் போகிற வீடு அதற்குப் பயந்தே விட்டுவிடும்.

தாமதம் அவருக்கு இதைவிடக் கடினமான பாடமாக இருந்தது. சின்ன சார் கண்டிப்பானவர். இரண்டாம் மணிக்குப் பின் வருகிறவர்களை முதல் பாடவேளை முடியும்வரை வெயிலில் முட்டிபோட வைப்பார். கொஞ்ச நாளிலேயே தாமதமாக வருகிறவர்கள் குறைந்தார்கள். பெரிய சாருக்கும் அது திருப்தியாகத்தான் இருந்தது. ஆனால் சத்துணவு ஆயா ஒருநாள் தாழ்வாரத்தில் வந்து நின்று, "காலைல இருவத்தேழுன்னு அரிசி போடச் சொன்னீங்க, தட்டு முப்பத்தொண்ணு வருதே சார்" என்றார். மறுநாளும் அதே கணக்கு. அந்த நாலு தட்டு எங்கிருந்து வருகிறது என்று தேடியபோது கண்மாய்க் கரைப் புளியமரத்தடியில் நாலு பையன்கள் இருந்தார்கள். ஆடு பத்திவிட்டு வருவதற்குள் இரண்டாம் மணி அடித்துவிடும். முட்டிபோடுவதற்குப் பயந்து அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார்கள். மத்தியானம் மணியடித்ததும் மஞ்சப்பையிலிருந்து அலுமினியத் தட்டை எடுத்துக்கொண்டு கூட்டத்தோடு கலந்துவிடுவது. பத்து நிமிடம் பிந்தியதற்காகக் காலை முழுவதையும் இழந்திருந்தார்கள். ஏட்டில் தாமதம் குறைந்ததன் உண்மை அதுதான்.

தாமதத்துக்குத் தருகிற தண்டனை வராமையாக மாறிவிடும் என்பதைத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒவ்வொருவரும் முதல் வருடத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. எட்டு வயதுப் பிள்ளைக்கு அடியிலிருந்தும் அவமானத்திலிருந்தும் தப்ப வேறு வழி ஒன்று எப்போதும் திறந்திருக்கிறது: திரும்பிப் போய்விடுவது.

வெயிலில் நிறுத்துவது அன்றோடு நின்றது. பிந்தி வருகிறவன் உள்ளே வந்து உட்காரலாம். இடைவேளையில் மட்டும் பெரிய சாரிடம் வந்து ஏன் என்று சொல்ல வேண்டும். அவர் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தேதி, பெயர், காரணம் என்று எழுதிக்கொண்டார். ஒரு மாதம் கழித்து நோட்டைப் புரட்டினால் மூன்றே சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன: ஆடு, தம்பி, தண்ணி. பெண்பிள்ளைகள் பெயருக்கு நேரே தண்ணிதான் அதிகம். பஞ்சாயத்து மோட்டார் எட்டரைக்குப் போட்டு ஒன்பதரை, பத்து வரை ஓடும். தாய் காட்டு வேலைக்குப் போய்விட, குடத்தை வரிசையில் வைத்துக்கொண்டு நிற்பது மகள். முதல் மணியும் இரண்டாம் மணியும் அவள் குழாயடியில் நிற்கும்போதே அடித்து ஓய்ந்துவிடும். பெரிய சார் நோட்டை எடுத்துக்கொண்டு பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக்குப் போனார். இரண்டு மூன்று முறை போக வேண்டியிருந்தது. கடைசியில் தண்ணீர் ஆறு மணிக்குத் திறக்கப்பட்டது. பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை அறிவுரை சொல்லாமல் பெண்கள் பக்கத்துத் தாமதம் ஓய்ந்தது. வருகையைப் பற்றி அந்தப் பள்ளியில் நடந்தவற்றில் மிகச் சிறந்த காரியம் இதுதான் என்று அன்று குடத்தோடு நின்றவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

தம்பி என்ற காரணத்துக்கு வழி வேறு இடத்திலிருந்து வந்தது. 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். அரசு கிராமப்புறங்களில் சத்துணவைத் தொடங்கியபோது, பள்ளிப் பிள்ளைகளோடு இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுவரையுள்ள குழந்தைகளையும் மையங்களில் சேர்த்துக்கொண்டது. பள்ளிக்குச் சோறு என்று மட்டும் இதைப் பேசுகிறவர்கள் அந்தச் சின்னக் குழந்தைகளைக் கவனிப்பதில்லை. இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று பாடம் கேட்ட அக்காமார்களுக்கு அதுதான் பெரிய விடுதலை. மையம் பள்ளிக்குப் பக்கத்திலேயே இருந்த ஊர்களில் தம்பியை அங்கே இறக்கிவிட்டு நாலு எட்டில் வகுப்புக்குள் வந்துவிடலாம். மையம் தள்ளியிருந்த ஊர்களில் அது அவ்வளவாக நடக்கவில்லை.

சோற்றுக்கும் வருகைக்கும் உள்ள உறவு தமிழ்நாட்டில் நூறு வருடத்துக்கு மேல் பழக்கமானது. 1920-இல் சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு கொடுக்க முடிவு செய்தது. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. 1956-இல் காமராசர் மாநில அளவிலான மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது எட்டயபுரத்தில். பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் ஆதரவு திரட்டினார். 1960களில் அமெரிக்காவின் கேர் நிறுவனம் அனுப்பிய மாவிலும் எண்ணெயிலும் கிளறிய உப்புமாவின் வாசத்தை அந்தக் காலப் பிள்ளைகள் இன்றும் மறக்கவில்லை. 1989-இல் முட்டை வந்தது, முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று. முட்டை நாளன்று வாசல் பலகையில் பதிவும் வருகையும் ஒட்டி நிற்கும்.

பரிசைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடியரசு நாளன்று முழு வருகைக்கு எவர்சில்வர் டம்ளர் கொடுக்கிற வழக்கம் அங்கே இருந்தது. ஒரு வருடம், டம்ளருக்கு இன்னும் பத்தே நாள் இருக்கையில், ஒரு பையன் கொதிக்கிற காய்ச்சலோடு வந்து உட்கார்ந்தான். மறுநாள் உடம்பெங்கும் அம்மைக் கொப்புளம். தொடர்ந்து வகுப்பில் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். முழு வருகைப் பரிசு நோய்ப்பட்ட பிள்ளையைத் துரத்திக்கொண்டுவந்து பள்ளியில் போடும். அதற்கு அடுத்த வருடம் டம்ளர்கள் போன வருடத்தைவிட அதிக நாள் வந்த பிள்ளைகளுக்குப் போயின. ஆட்டுக்காரப் பையன்களில் இருவருக்கு அந்த மேடையில் பெயர் வாசிக்கப்பட்டது. அது நல்ல முறை. இன்றும் எந்தப் பள்ளியும் எடுத்துக்கொள்ளலாம்.

பிள்ளைகள் நேரத்துக்கு வர, ஆசிரியர் நேரத்துக்கு வர வேண்டும் என்பதில் அந்த ஊரில் யாருக்கும் இரண்டு கருத்து இல்லை. டவுன் பஸ்ஸை நம்பி வருகிற ஆசிரியர் பஸ் வராத நாளில் பத்தரைக்கு வந்து இறங்குவார். பூட்டிய கதவின் முன் உட்கார்ந்திருந்து அலுத்த பிள்ளைகள் மறுநாள் பத்துக்குத்தான் கிளம்பும். பெரிய சார் சைக்கிளில் வந்தார். கரிசல் மண் மழையில் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டி வந்ததைக் காலனியில் பார்த்திருக்கிறார்கள். முதல் மணியை அவரே அடிப்பார், இரண்டாவதைப் பிள்ளைகளுக்கு விடுவார். ஆசிரியர் நேரத்துக்கு வருவது பின்னாளில் சட்டமாகவே எழுதப்பட்டது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், தவறாமலும் நேரந்தவறாமலும் பள்ளிக்கு வருவதை ஆசிரியரின் கடமைகளில் முதலாவதாக வைக்கிறது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை ஆண்டுக்கு 200 வேலைநாள், 800 மணி நேரக் கற்பித்தல் என்றும் வரையறுக்கிறது. பிள்ளைகள் வருகையைக் கண்காணிப்பது அரசின், உள்ளாட்சியின் பொறுப்பு என்கிறது. உடல்தண்டனைக்கும் மனத்தைப் புண்படுத்துவதற்கும் தடை விதிக்கிறது. வெயிலில் முட்டிபோட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தத் தண்டனை வெறும் கதை.

வழக்கமாக வருவது ஒரு பழக்கம், பழக்கம் அறுந்தால் மறுபடி புதிதாகத்தான் கட்ட வேண்டும் என்பதைக் கொரோனா காட்டியது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தன. இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகள் அதுவரை ஒருநாள்கூடப் பள்ளியைப் பார்த்திருக்கவில்லை. மணியடித்தால் வரிசைக்கு வர வேண்டும் என்பதே தெரியாமல், சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு விளையாடிக்கொண்டிருந்தன. பெரிய பிள்ளைகளில் சிலர் செங்கல் சூளைக்கும் நூற்பாலைக்கும் வீட்டாரோடு போனவர்கள். ஆசிரியர்கள் மறுபடி தெருத்தெருவாக நடந்தார்கள். அரசின் 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டத் தன்னார்வலர்கள் சாயந்திரங்களில் வீட்டு வாசலிலேயே பிள்ளைகளைக் கூட்டினார்கள். ஒரு காலத்தில் பெரிய சார் தனியாகச் செய்த வேலையைப் பலர் சேர்ந்து செய்ய வேண்டியிருந்தது.

இப்போது அந்தப் பள்ளியில் ஒன்பது மணிக்கு முன்பே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, முதலில் 1,545 அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு வந்தது. 2023 ஆகஸ்ட் 25-இல் திருக்குவளையில் தொடங்கிய விரிவாக்கத்தில் மற்ற அரசுத் தொடக்கப்பள்ளிகளும் சேர்ந்தன. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைக்கு ஒன்று. அடுப்பைப் பற்றவைக்காமல் விடியலில் வேலைக்குக் கிளம்புகிற வீட்டில், தாமதத்துக்குப் பாதிக் காரணம் அந்த அடுப்புதான். அந்தச் சுமை வீட்டிலிருந்து பள்ளிக்கு மாறியதும் முதல் மணி தேவையற்றதாகிவிட்டது. இப்போதெல்லாம் காலையில் ஒரு மணிதான் அடிக்கிறது.

பதிவேட்டின் இடத்தில் செல்போன் வந்திருக்கிறது. ஆசிரியை காலையில் செயலியைத் திறந்து, வராத பிள்ளையின் பெயரைத் தொட்டு, சிக்னல் கிடைக்க வேப்பமரத்தடிவரை நடந்துபோய் அனுப்புகிறார். கணக்கு சென்னைக்குப் போய்விடுகிறது. அந்தப் பிள்ளை ஏன் வரவில்லை என்பதை மட்டும் செயலி சொல்வதில்லை. அதைச் சொல்கிறவர்கள் வேறு. காலை உணவு சமைக்கிற மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் அதே ஊர், அதே தெரு. அவர்கள் பிள்ளைகளும் அதே பள்ளியில்தான் படிக்கிறார்கள்.

"ஐஞ்சாம் வகுப்புல ரெண்டு பேரக் காணோமே அக்கா?" என்று ஆசிரியை போனைப் பார்த்தபடி கேட்டார்.

"அவ அம்மாச்சி ஊருக்குப் போயிருக்கா டீச்சர். சடங்கு வீடு. திங்கக்கெழம வந்துருவா. அவனத்தான் தெரியல. கதவு சாத்திக் கெடந்துச்சு, உள்ள இருமுற சத்தம் மட்டும் கேட்டுச்சு."

இடைவேளை மணி அடித்ததும் அக்கா சத்துணவுக் கூடத்துக் கதவிலிருந்து தண்டவாளத் துண்டைக் காலால் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினார். தூக்குவாளியில் மிச்சம் வைத்திருந்த பொங்கலை எடுத்துக்கொண்டார். இருவரும் காலனிப் பக்கம் நடந்தார்கள்.